வியர்க்கத் தெரிந்த விலங்குகள்

1774ஆம் ஆண்டு லண்டனில் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. சார்லஸ் பிளாக்டன் என்ற இளம் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் ஓர் அறையைச் சூடாக்கினார்கள். எவ்வளவு சூடு தெரியுமா? ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதைவிடச் சூடான காற்று நிரம்பிய அறைக்குள் பிளாக்டன் நுழைந்து எட்டு நிமிடம் இருந்தார். அதே அறையில் வைத்த முட்டைகள் இருபது நிமிடத்தில் ஓட்டுக்குள்ளேயே கெட்டியாக வெந்துவிட்டன. ஒரு மாட்டிறைச்சித் துண்டு முக்கால் மணி நேரத்தில் வெந்து காய்ந்தே போய்விட்டது. பிளாக்டனோ தன் காலால் நடந்து வெளியே வந்தார். அவருடைய உடல் வெப்பம் அதிகம் ஏறவே இல்லை!

இறைச்சி வெந்தது, மனிதர் வேகவில்லை. ஏன்?

விடை அந்த அறைக்குள்ளேயே கிடைத்தது. அவர்கள் செய்த இன்னொரு சோதனையைக் கேளுங்கள். எனக்கு முட்டைச் சோதனையைவிட இதுதான் பிடிக்கும். ஒரு மண்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அந்தச் சூடான அறையில் வைத்தார்கள். சுற்றிலும் இருக்கும் காற்று கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்க வேண்டுமல்லவா? கொதிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஏறத்தாழ 60 டிகிரியிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்தத் தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெயை விட்டார்கள். எண்ணெய் மேலே படலமாகப் படர்ந்தது. அதற்குப் பின் தண்ணீரின் சூடு ஏறி ஏறி, கடைசியில் தளதளவென்று கொதித்தது.

எண்ணெய் செய்தது ஒரே வேலைதான். தண்ணீர் ஆவியாகிப் போகும் வழியை அடைத்தது. வழி திறந்திருந்தவரை, ஆவியாகிப்போன நீர் தன்னோடு வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அதனால்தான் தண்ணீர் சூடேறவில்லை. பிளாக்டனின் தோலிலும் அதேதான் நடந்தது. அவர் வியர்த்தார், வியர்வை ஆவியானது, சூடு உடம்பை விட்டுப் போனது. வறண்ட காற்றாக இருந்ததும், எட்டே நிமிடத்தில் வெளியே வந்ததும் அவருக்குத் துணை நின்றன. நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது!

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். 30 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. வீட்டு மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருப்பது இந்தக் கணக்கினால்தான். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. பானைக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பானை எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். நம் தோல் தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் கசியும்.

அதை எது தீர்மானிக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ரத்தத்தின் சூட்டை அது ஓயாமல் கவனிக்கிறது. தோலிலிருந்து நரம்புகள் வழியாக வரும் செய்திகளையும் கேட்டுக்கொள்கிறது. சூடு கொஞ்சம் ஏறினாலும் போதும், நரம்புகள் வழியே வியர்வைச் சுரப்பிகளுக்குக் கட்டளை பறக்கும். அந்த நரம்புகளின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்படும். சுரப்பி அதைப் பெற்றதும் நீரைச் சுரக்கத் தொடங்கும்.

பச்சை மிளகாயைக் கடித்தால் நெற்றியும் மூக்கும் வியர்க்கின்றனவே, அது எப்படி? மிளகாயில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்புகளை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. வாயில் நெருப்புப் பட்டது என்றே மூளை எண்ணுகிறது. உடனே குளிர்விக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சூட்டுக்கும் மிளகாய்க்கும் பொதுவான அந்த உணர்வியை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு 1997இல் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி சுரப்பியைப் பார்ப்போம். நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய குழாய். தோலின் ஆழத்தில் அது சுருண்டு முடிச்சுப் போலக் கிடக்கும். அங்கிருந்து ஒரு நாளம் மேலே ஏறி, தோலின் பரப்பில் சிறு துளையாகத் திறக்கும். செக் நாட்டைச் சேர்ந்த யான் புர்க்கின்யே என்ற உடலியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் 1833இல் நுண்ணோக்கி வழியே இவற்றை விவரித்தார்கள். அதே புர்க்கின்யேதான் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்களின் விரல் ரேகைகளை ஒன்பது வகைகளாகப் பிரித்தவர்.

விரல் ரேகைக்கும் வியர்வைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சில நூறு சுரப்பிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ரேகைகளின் மேட்டில் அவற்றின் துளைகள் வரிசையாக இருக்கும். ஓடியாடி விளையாடிவிட்டு வந்ததும் ஒரு கைலென்ஸ் வைத்து உங்கள் விரல் நுனியைப் பாருங்கள்; மேடுகளின் மேல் மினுமினுக்கும் துளிகள் தெரியும். நாம் ஒரு கண்ணாடியைத் தொட்டால் அந்தத் துளிகள்தான் ரேகையின் வடிவில் அதில் பதிகின்றன. உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு 1897இல் தொடங்கப்பட்டது நம் நாட்டில்தான், கொல்கத்தாவில். ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையை அங்கே வளர்த்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் பெயரைப் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உள்ளங்கைச் சுரப்பிகளுக்கு ஒரு தனிக் குணம். அவை வெயிலைவிடப் பயத்துக்கும் பதற்றத்துக்கும்தான் அதிகம் வியர்க்கும். கணக்குத் தேர்வில் கேள்வித்தாளைப் பிரிக்கும்போது கை ஈரமாவது இதனால்தான். இது எதற்காக? எலியையும் பூனையையும் பார்த்தால் விளங்கும். அவற்றுக்கு இந்த வகைச் சுரப்பிகள் பாதத்தின் மெத்தையில் மட்டுமே இருக்கின்றன. பாதம் லேசாக ஈரமாக இருந்தால் பிடிமானம் கிடைக்கும். ஆபத்து வந்தால் மரத்தில் ஏறவோ சுவரில் தாவவோ வழுக்காத பாதம் வேண்டுமே! மண்வெட்டியைப் பிடிப்பதற்கு முன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்ளும் தாத்தாக்களைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

இதுவரை சொன்னவை எக்ரைன் சுரப்பிகள். பாலூட்டிகளுக்கு இன்னொரு வகையும் உண்டு. அதன் பெயர் அப்போக்ரைன். இது தோலில் தனியாகத் திறக்காது; மயிர்க்காலுக்குள் திறக்கும். மனிதர்களுக்கு இவை அக்குள் போன்ற சில இடங்களில் மட்டுமே இருக்கின்றன. பதின்ம வயதில்தான் விழித்துக்கொள்கின்றன. இவை சுரக்கும் திரவத்தில் கொழுப்பும் புரதமும் இருக்கும். சுரந்த உடனே அதற்கு வாசனை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் உடம்பில் வாடை வரத் தொடங்கினால் அது அழுக்கின் அடையாளம் அல்ல, வளர்ச்சியின் அடையாளம். தினமும் குளித்து, அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த சட்டை போட்டால் போதும். அதற்காக யாரையும் கேலி செய்வது நியாயமே இல்லை.

ஆடு, மாடு, குதிரை, நாய் ஆகியவற்றின் உடல் முழுக்க இருப்பது இந்த அப்போக்ரைன் வகைதான். ஆனால் ஒவ்வொரு விலங்கும் அதைப் பயன்படுத்தும் விதம் வேறு.

நாய்க்கு உடம்பில் சுரப்பிகள் இருந்தும் அவை சூட்டைக் குறைக்க அதிகம் உதவுவதில்லை. அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. ஈரமான நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் நீர் ஆவியாகி உடல் குளிர்கிறது. பன்றிக்கும் சூட்டுக்கு வியர்க்கத் தெரியாது. அது சேற்றில் புரள்வது அசுத்தத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. சேற்றின் ஈரம் தோலில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஆவியாகும். வெறும் தண்ணீரைவிட நீண்ட நேரம் குளிர்ச்சி தரும். வியர்வை இல்லாத விலங்கு வெளியிலிருந்து ஈரத்தைக் கடன் வாங்குகிறது. எருமையின் கதையும் இதுதான். மாட்டைவிட எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகவும் குறைவு. கறுப்புத் தோல் வெயிலை அதிகம் உறிஞ்சும். அதனால்தான் எருமை குட்டையில் இறங்கினால் எழுந்து வர மனமில்லாமல் கிடக்கிறது. குட்டைகளைத் தூர்த்துவிட்ட ஊர்களில் எருமை வளர்ப்பவர்கள் மதியத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. திமில் உள்ள நம் நாட்டு மாடுகளோ வெப்பத்தை நன்றாகத் தாங்குகின்றன. ஐரோப்பிய இன மாடுகளைவிட அவற்றுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம்.

மாட்டின் மூக்கு நுனியை எப்போதாவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நலமாக இருக்கும் மாட்டுக்கு அங்கே முத்து முத்தாக ஈரம் அரும்பி நிற்கும். அந்த இடத்தில் உள்ள சுரப்பிகளின் வேலை அது. காய்ச்சல் கண்டால் மூக்கு காய்ந்துவிடும். தொழுவத்துக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் முதலில் மாட்டின் மூக்கைப் பார்ப்பது இதனால்தான். நல்ல அறிவியல் பார்வை அது.

யானைக்கு இவ்வளவு பெரிய உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் நகங்களை ஒட்டி மட்டுமே இருக்கின்றன. காதை விசிறியும், நீரையும் மண்ணையும் மேலே வாரிப் போட்டுக்கொண்டும்தான் அது சூட்டைச் சமாளிக்கிறது. ஆனால் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சுரப்பி உண்டு. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலத்தில் அங்கிருந்து மதநீர் வழியும். அந்தச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பி உருமாறி வந்ததுதான். வேறு எந்த விலங்குக்கும் அது கிடையாது.

நம் காதுக்குள் குறும்பி உண்டாக்குவதில் பங்கெடுக்கும் சுரப்பிகளும் உருமாறிய அப்போக்ரைன் சுரப்பிகளே. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பால் சுரப்பிகள்கூட, ஆதிகாலத்தில் அப்போக்ரைன் போன்ற தோல் சுரப்பிகளிலிருந்துதான் உருவாகி வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் முட்டையிடும் பாலூட்டி. அதற்கு முலைக்காம்பு இல்லை. வயிற்றுத் தோலில் வியர்வை அரும்புவதுபோலவே பால் கசிகிறது. குட்டிகள் அதை நக்கிக் குடிக்கின்றன. பாலூட்டிகள் என்ற நம் குடும்பப் பெயருக்கே தோல் சுரப்பிதான் காரணம் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

நீர்யானை ரத்த வியர்வை சிந்துகிறது என்று பழங்காலத்தில் நம்பினார்கள். அதன் தோலில் சுரக்கும் பிசுபிசுப்பான திரவம் முதலில் நிறமற்று இருந்து, சில நிமிடங்களில் சிவந்து, பிறகு பழுப்பாகும். அது ரத்தமும் இல்லை, உண்மையான வியர்வையும் இல்லை. வேறு வகைத் தோல் சுரப்பிகளின் சுரப்பு. 2004இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதிலிருந்து ஒரு சிவப்பு நிறமியையும் ஓர் ஆரஞ்சு நிறமியையும் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. சிவப்பு நிறமி பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் தடுக்கிறது.

திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் வியர்வைச் சுரப்பியே இல்லை. தண்ணீருக்குள்ளேயே வாழும்போது வியர்வை எங்கே ஆவியாவது?

குதிரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வியர்ப்பதில் மனிதனுக்குப் போட்டி என்றால் குதிரைதான். கடும் வெயிலில் வேகமாக ஓடும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கும் மேல் வியர்க்கக்கூடும். உடல் முழுக்க முடி இருக்கும்போது வியர்வை எப்படி ஆவியாகும்? குதிரையின் வியர்வையில் லாத்தெரின் என்ற புரதம் இருக்கிறது. அது சோப்பு போல வேலை செய்யும். எண்ணெய்ப் பசையுள்ள முடியை நனைத்து, ஈரத்தை முடியின் நுனிவரை பரப்பும். ஓடி வந்த குதிரையின் கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்தில் வெள்ளை நுரை பொங்குவது அதனால்தான்.

இந்தக் குதிரைகளுக்கு வரும் ஒரு நோய், வியர்வை எவ்வளவு முக்கியம் என்பதைக் கண்முன் காட்டுகிறது. ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக் குதிரைகளை இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். குளிர்நாட்டில் நன்றாக ஓடிய குதிரைகளில் சில, இங்கே வந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிட்டன. தோல் காய்ந்து கிடக்கும். மூக்குத்துளைகள் விரிந்து மூச்சிரைக்கும். சிறிது ஓடினாலும் உடல் கொதிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அமெரிக்காவின் புளோரிடாவில் இன்றும் இது பல குதிரைகளுக்கு வருகிறது. இரவும் பகலும் தூண்டப்பட்டுத் தூண்டப்பட்டு, சுரப்பிகள் கட்டளைக்குச் செவிகொடாமல் ஓய்ந்துபோகின்றன என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றினால் பல குதிரைகள் மறுபடி வியர்க்கத் தொடங்குகின்றன.

மனிதர்களுக்கு வருவோம். வியர்வைச் சுரப்பி நோய்களில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது வியர்க்குரு. சுரப்பிக்கு எந்தக் கேடும் இல்லை. நாளத்தின் வாய்தான் அடைத்துக்கொள்கிறது. வெளியேற முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து, சிவந்த பொரிப் பொரியாக எழும்பி ஊசி குத்துவதுபோல அரிக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு அதிகம் வரும். காற்றோட்டமும், தளர்வான பருத்தி உடையும், குளிர்ந்த நீர்க் குளியலும்தான் மருந்து. நுங்குத் தண்ணீரைத் தடவுவது நம் ஊர் வழக்கம். அது தோலைக் குளிர்விக்கும். கெட்டியான எண்ணெயும் களிம்பும் தடவினால் அடைப்பு கூடத்தான் செய்யும். பிளாக்டனின் பாத்திரத்தில் விட்ட எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். எழுதும் தாள் நனையும், பேனா வழுக்கும். சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் மிகையாக வேலை செய்வதால் வரும் நிலை இது. பயந்த சுபாவம் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு முதல் பல சிகிச்சைகள் தோல் மருத்துவரிடம் இருக்கின்றன. எழுதும்போது கைக்கடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ள ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும்.

வியர்க்கவே முடியாத குழந்தைகளும் உண்டு. சார்லஸ் டார்வின் 1875இல் வெளியிட்ட தன் நூல் பதிப்பு ஒன்றில், சிந்து பகுதியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில பற்களே முளைத்தன. உடம்பில் முடி மிகக் குறைவு. வெயில் காலத்தில் தோல் வறண்டு மிகவும் துன்பப்பட்டார்கள். பெண்களுக்கு இந்தக் குறை வரவில்லை. ஆனால் அவர்களுடைய மகன்களுக்கு வந்தது. காரணம் பின்னாளில் தெரிந்தது. முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றும் கருவில் ஒரே மாதிரியான கட்டளையால்தான் உருவாகத் தொடங்குகின்றன. அந்தக் கட்டளையைத் தரும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம்தான். அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட வேறொன்று இல்லை. இதே நோய் நாய்க்கும் மாட்டுக்கும் எலிக்கும்கூட வருகிறது.

பிறந்தபின் புதிய வியர்வைச் சுரப்பிகள் உருவாவதில்லை. அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்கு வழியே இல்லையா? ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். குறைபாடு இருப்பதாகத் தெரிந்த இரட்டைக் குழந்தைகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அவர்களைச் சூழ்ந்திருந்த பனிக்குட நீரில் அந்தப் புரதத்தை ஊசி மூலம் சேர்த்தார்கள். குழந்தைகள் அந்த நீரை விழுங்கினார்கள். பிறந்தபின் அவர்களுக்கு வியர்த்தது! 2018இல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளியானது. நாம் துடைத்துப் போடும் வியர்வைத் துளியைப் பார்த்து ஒரு தாய் எவ்வளவு மகிழ்ந்திருப்பாள்!

இன்னொரு நோயில் வியர்வை வரும், ஆனால் உப்பு மிகுந்து வரும். சுரப்பியின் அடியில் ஊறும் நீரில் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே உப்பு இருக்கும். நாளத்தில் மேலே ஏறி வரும்போது அதன் சுவர்கள் உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்புக்கு உப்பு அவ்வளவு அருமையானது. 1948 கோடையில் நியூயார்க் நகரை வெப்ப அலை தாக்கியபோது, உடல் வறண்டு சுருண்டுபோய் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருந்தது. நுரையீரலில் கெட்டியான சளி அடைத்துக்கொள்ளும் நோய் அது. நுரையீரல் நோயாளிகள் ஏன் வெயிலில் விழ வேண்டும்? பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற குழந்தை மருத்துவர் அந்தக் கேள்வியை விடவில்லை. இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் நிறுவினார். குழந்தையின் கையில் சிறிது வியர்வையை வரவழைத்து உப்பை அளக்கும் சோதனை 1959இல் உருவானது. அந்த நோயைக் கண்டுபிடிக்க இன்றுவரை உலகம் நம்பும் சோதனை அதுதான். உப்பு ஏன் தங்கிவிடுகிறது என்பதை 1983இல் விளக்கியவர் பால் குயின்டன் என்ற ஆய்வாளர். நாளத்தின் சுவரில் குளோரைடு நுழையும் வாசல் மூடிக்கிடக்கிறது என்று அவர் காட்டினார். அதே வாசல் நுரையீரலிலும் மூடிக்கிடப்பதால்தான் சளி கெட்டிப்படுகிறது. குயின்டனுக்கே அந்த நோய் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தன் நோயின் காரணத்தைத் தானே தேடிக் கண்ட மனிதர் அவர்.

நம் ஊருக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று. தொழுநோய்க் கிருமி தோலின் நரம்புகளைத் தாக்கும். நரம்பு செத்த இடத்துக்கு மூளையின் கட்டளை போகாது. ஆகவே அந்த இடத்தில் தொட்டாலும் உணர்ச்சி இருக்காது, வியர்வையும் அரும்பாது. உடம்பெல்லாம் வியர்த்திருக்க ஓரிடம் மட்டும் வெளிறி, காய்ந்து, மரத்துப்போய் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். தொடக்கத்திலேயே வந்தால் ஊனமில்லாமல் முழுமையாகக் குணமாகும். ஊமத்தங்காயும் வியர்வையை நிறுத்தும் விஷம்தான். அதில் உள்ள நஞ்சு, சுரப்பிகள் அசிட்டைல்கோலினைப் பெறும் வழியை அடைத்துவிடும். தோல் காய்ந்து உடல் கொதித்து, தின்றவர் பிதற்றுவார். வேலியோரத்தில் அந்த முள்காயைப் பார்த்தால் விளையாட்டுக்குக்கூட வாயில் வைக்காதீர்கள்.

வியர்த்தால் உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வியர்வையில் 99 விழுக்காடு தண்ணீர். மீதி உப்பும், சிறிதளவு யூரியா, லாக்டிக் அமிலம் போன்றவையும். உடம்பைச் சுத்தம் செய்யும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வியர்வையின் வேலை குளிர்விப்பது. அந்த ஒரு வேலையில் அதற்கு இணை கிடையாது. சிம்பன்சியைவிட மனிதத் தோலில் எக்ரைன் சுரப்பிகள் ஏறத்தாழ பத்து மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. உடல் முடியும் மெலிந்துவிட்டதால், நண்பகல் வெயிலிலும் வெகுதூரம் நடக்கவும் ஓடவும் நம் முன்னோர்களால் முடிந்தது. வெயிலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து பழகினால், ஓரிரு வாரத்தில் சுரப்பிகளும் பழகிக்கொள்ளும். சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும், உப்பைக் குறைவாகச் செலவழிக்கும்.

ஆனால் வியர்வைக்கும் எல்லை உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் ஒழுகி வீணாகும். வேலூரில் 40 டிகிரியைத் தாங்குபவர் சென்னையின் கடற்காற்றுப் புழுக்கத்தில் 36 டிகிரியிலேயே தவித்துப்போவது இதனால்தான். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். அதைத்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். சிலருக்கு அப்போது தோல் காய்ந்து கொதிக்கும். வெயிலில் ஓடியவர்கள், உழைத்தவர்கள் வியர்த்துக்கொண்டேயும் விழலாம்.

கோடையில் விளையாட்டுத் திடலிலோ வயலிலோ தெருவிலோ யாராவது உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, தள்ளாடி விழுவதைப் பார்த்தால் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு 108க்குப் பேசச் சொல்லுங்கள். அவரை நிழலுக்குக் கொண்டுபோய், இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி, கிடைத்ததைக் கொண்டு விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.